மூன்று சுழியும் தெரியட்டும்

சேலத்து அச்சகத்தாருக்கும், சுவரொட்டியும் பிளக்ஸும் வடிவமைக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் என் அண்ணன் காலமானார். அன்று மாலையே சுவரொட்டி வந்துவிட்டது. மேலே தடித்த எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு சொல்லும் ஒரே வரியில் அடங்கட்டும் என்று யாரோ கணினியில் பக்கவாட்டில் நெருக்கியிருக்கிறார்கள். 'ண்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்புத் திட்டு. மூன்று சுழியும் மையில் மூழ்கிவிட்டன. புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கிடந்தது. அண்ணி அதை விரலால் தடவிப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டார். செவ்வாய்ப்பேட்டையில் அச்செழுத்துகளைக் கோக்கும் கம்பாசிடராக இருந்த எனக்கு அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

ஒடுங்கிய எழுத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. அயோத்தியாப்பட்டணம், கொண்டலாம்பட்டி, செவ்வாய்ப்பேட்டை என்று நீளநீளமாகப் பெயர் வைத்திருக்கும் ஊர் நம்முடையது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா எல்லாம் தனிக்கால் பெற்றன. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் இணைக்கொம்பு (ை) வந்து நின்றது. படிக்கிற பிள்ளைக்கு எளிது. ஆனால் சொல் நீண்டுவிட்டது. தலைப்புக்கு ஒடுங்கிய எழுத்து நமக்குக் கட்டாயம் வேண்டும்.

ஒடுக்கி வரைந்த எழுத்து வேறு, நசுக்கிய எழுத்து வேறு. அகலத்தை 100 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கினால் நிற்கும் கோடு மெலியும். படுக்கைக் கோடு பழைய தடிமனிலேயே இருக்கும். ஏற்கெனவே குறுகலான சுழியின் உள்வெளி நூலளவாகி, மை பரவியதும் மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் தலைப்புக்கென்றே செரிஃப் (கோட்டின் முனையில் வரும் சிறு குறுக்குக் கோடு) வைத்த ஒடுங்கிய தடித்த எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை வரைபவர் நிற்கும் கோட்டின் கனத்தைக் காப்பாற்றி, கோடுகள் கூடும் இடத்தை மெலியவைத்து, உள்வெளியை அளந்து குறைக்கிறார். அந்தச் செரிஃப் அடிக்கோட்டைக் கொண்டுவந்து தமிழின் காலில் கட்ட வேண்டாம். தடிப்பும் மெலிவும் மாறிமாறி ஓடும் அந்த நடை போதும். 'ட', 'ப', 'ம' நன்றாக ஒடுங்கினாலும் தாங்கும். 'ண', 'ஞ', 'ஐ' தாங்காது. அவற்றுக்கு இடம் விட்டே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் நெருக்கும் கணினிக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

ஏற்காட்டு மலைப்பாதையில் 'சாலைப் பணி' என்று பலகை வைக்கிறோம். ஒரு சுழி அடைபட்டால் 'சாலைப் பனி' ஆகிவிடும். இரண்டுமே நடக்கிற மலை என்பதால் ஓட்டுநருக்குச் சந்தேகமும் வராது.

ஒடுக்கியே வரைந்த எழுத்துரு கிடைத்தால் காசு கொடுத்து வாங்குங்கள். கிடைக்கவில்லையா, தலைப்பை இரண்டு வரியாக்குங்கள்: 'கண்ணீர்' மேலே, 'அஞ்சலி' கீழே. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வேலை குவியும். அந்த அவசரத்திலும் முதல் தாளைச் சுவரில் ஒட்டி, எதிர்ப்பக்கம் போய் நின்று 'ண'வின் சுழிகளை எண்ணிப் பாருங்கள்.

என்னிடம் மரத்தில் செதுக்கிய பழைய அச்செழுத்து 'ண' ஒன்று இருக்கிறது. அதன் சுழிக்குள் சுண்டுவிரல் நுனி நுழையும். பார்க்க விரும்புகிறவர்கள் எந்த மாலையிலும் வீட்டுக்கு வரலாம்.

அன்புடன்,
ஒரு பழைய கம்பாசிடர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்