ஒம்பது இஞ்ச் டிவி வேண்டாம் மக்கா

மக்கா,

சொகமா இருக்கியா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மைக்கு முட்டு வலி அப்படியேதான் கெடக்கு, சின்னவள பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு, பீப்பா மறுபடியும் பீடிய விட்டுட்டேன்னு சொல்லிகிட்டு திரியான். விசேஷம் அம்புட்டுதான். நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன், பதில் போடலன்னு நீ என்னைய ஏசுனதையும் சேத்துதான் கேட்டேன், ஆனா வலை பாத்துகிட்டே போன்ல சொல்லி முடிக்கிற விஷயமா லேய் இது, காத்தடிச்சு கடலுக்குப் போகாத ஒரு நாள்ல உக்காந்து எழுதணும்னு வச்சிருந்தேன், இன்னைக்குத்தான் வசமா அடிக்கு.

மொதல்ல அந்த போட்டோ. பஹ்ரைன் கடையில கண்ணாடிக்குள்ள வச்சிருக்கான் பாரு, மீன் பாக்கிற ஒம்பது இஞ்ச் மெஷின், அத வாங்கி நீ என்ன செய்யப் போற, படம் பாக்கப் போறியா? நீ வாங்கப்போறது இருபத்தெட்டு அடி ஃபைபர் வள்ளம், 9.9 எஞ்சின், மேல கூரை கெடையாது, வீல் ஹவுஸ் கெடையாது, அலைக்குள்ள ஏறி இறங்கும்போ முழுசா நனையும். இப்பம் நீ வேல செய்யிற லாஞ்சுல ஃபுருனோ வச்சிருக்கான்னா அதுக்குத் தனி ரூம் இருக்கு, ஏசி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு. நம்ம வள்ளத்துல அத வைக்கணும்னா ஒண்ணு மெஷின் இருக்கணும், இல்ல நீ இருக்கணும்.

ஃபுருனோன்னதும் ஞாபகம் வருது. 1948ல ஜப்பான்ல நாகசாகி பக்கம் அண்ணன் தம்பிமாரு சேந்துதான் மீன் பாக்கிற மெஷின முதல்ல வேலைக்கு ஆகுறாப்ல செஞ்சு வித்தானுவ, அதான் ஃபுருனோ. தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி ஆழம் பாக்கிற பழைய கருவியத்தான் மீனுக்குத் திருப்பி விட்டிருக்கானுவ. மீன் கெடக்க எடத்துல குமிழி வரும்னு ஒரு மீன்பிடிக்காரன் சொன்ன பேச்சுலதான் அந்த யோசனையே வந்துச்சாம். இத அப்பாட்ட சொன்னேன், "அப்பம் அந்த ஆளுக்குப் பங்கு குடுத்தானுவளா"ன்னு கேட்டாரு. பதில் தெரியல எனக்கு.

சரி, விஷயத்துக்கு வாறேன். மெஷின் மீனக் காட்டாது, இத நீ மண்டையில ஏத்திக்கிட்டாலே பாதி காசு மிச்சம். அது ஒரு சத்தத்தக் கீழ விடுது, அது தரையில முட்டித் திரும்புறத எண்ணுது, அம்புட்டுதான். கடல் தண்ணியில சத்தம் செகண்டுக்கு 1500 மீட்டர் ஓடும், 20 பாகத்துல, அதாவது 120 அடி ஆழத்துல நீ நின்னா போய்த் திரும்ப ஒரு செகண்டுல இருபதுல ஒரு பங்குதான் ஆகும். நடுவுல காத்துப் பை உள்ள மீனு கெடந்தா அதுவும் திருப்பி அடிக்கும், ஏன்னா சத்தம் பலமா முட்டுறது அந்தக் காத்துலதான். நெய்மீனுக்கு அந்தப் பையே கெடையாது, திருக்கைக்கும் சுறாவுக்கும் கெடையாது. அப்பம் உனக்க வள்ளத்துக்கு அடியிலயே நெய்மீன் கூட்டம் போனாலும் மெஷின் மங்கலா ஒரு கீறல் போட்டுட்டு சும்மா இருக்கும், ஏமாத்துதுன்னு நீ கத்தக்கூடாது.

இதுல இன்னொரு கூத்து, அந்த மீன் பொம்மை. செட்டிங்ல அத ஆன் பண்ணி வச்சா குமிழி, பாசி, கலங்கல் எல்லாத்துக்கும் சின்ன மீன் பெரிய மீன்னு படம் போட்டுக் காட்டும். எனக்க மச்சான் டவுன்ல ஒரு கடையில போயி, பேரு வேண்டாம், கடைக்காரன் ஒரு வாளித் தண்ணியில, சத்தத்த விட்டு வாங்குற சென்சார முக்கி டெமோ மோட்ல பொம்மை மீனா ஓட விட்டுக் காட்டிருக்கான், இவனும் கண்ண விரிச்சுகிட்டு வாங்கிட்டு வந்துட்டான். ஆழம் காட்டுது, ஒழுங்காத்தான் காட்டுது, ஆனா ஜிபிஎஸ் இல்ல. கடலுக்கடியில கல்லுப் பார் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாலும் மறுநா திரும்பிப் போக வழி இல்லன்னா அது என்னத்துக்கு. வாங்கும்போ டெமோ மோட ஆஃப் பண்ணச் சொல்லு, ஜிபிஎஸ் இருக்கான்னு ரெண்டு தடவ கேளு.

நாலு இஞ்ச், மிஞ்சிப்போனா அஞ்சு. சிர்ப் இருக்கணும், சிர்ப்புன்னா ஒரே அலைய விடாம தாழ்ந்த அலைவரிசையில இருந்து ஒசந்தது வர வாரி விடும், அதுல தரையோட ஒட்டிக் கெடக்க மீனும் தரையும் தனித்தனியாப் பிரிஞ்சு தெரியும், நம்ம கலவாவும் விளமீனும் தரையில ஒட்டித்தான கெடக்கும். 77ம் 200ம் ரெண்டு கிலோஹெர்ட்ஸும் வேணும். 200ல சத்தம் விரியிற கூம்பு ஒடுக்கம், 20 டிகிரின்னு வச்சுக்கோ, 20 பாகத்துல அடியில 7 பாகம் அகலந்தான் பாக்கும், ஆனா சுத்தமாப் பாக்கும். 77ல கூம்பு விரியும், 45 டிகிரின்னா அதே ஆழத்துல 16, 17 பாகம் அகலத்துக்குப் பாக்கும், ஆழத்துக்கும் போகும், ஆனா அந்த அகலத்துல எந்த மூலையில மீன் கெடக்குன்னு சொல்லாது. நான் வச்சிருக்கது கார்மின் ஸ்ட்ரைக்கர் 4, அந்தக் கம்பெனியில அடிமட்ட மெஷின், மேப் கெடையாது, மார்க் போடலாம். உப்புத் தண்ணியில 750 அடி வர போகும்னு அட்டையில போட்டிருக்கான், அதாவது 125 பாகம், அதெல்லாம் அட்டைக் கணக்கு, பாதிய நம்பு போதும். லோரன்ஸ், ஹம்மிங்பேர்ட்லயும் இதே ரகம் உண்டு. நீ சொன்ன டவுன் இமேஜிங், போட்டோ மாதிரி காட்டும்ங்கிறது உண்மைதான், ஆனா அது 455, 800 கிலோஹெர்ட்ஸ்னு போற அலை, உப்புத் தண்ணி அத சீக்கிரம் குடிச்சிரும். ஏரியில கொள்ளாம். நீ நிக்கப்போற எடத்துக்கு அதுக்குக் காசு அழாத.

யூனிட்ட ஃபேதம்ல மாத்தி வச்சுரு, நம்ம பாகக் கணக்கு அப்படியே வந்துரும். கெயின், அதாவது திரும்பி வர சத்தத்த எம்புட்டு கூட்டிக் காட்டணும்ங்கிற செட்டிங், அத ஆட்டோல போடாத. அடியில தரை தெரியுது பாரு, அதுக்குக் கீழ சரியா ரெட்ட ஆழத்துல இன்னொரு தரை மங்கலாத் தெரிஞ்சா அது கல்லு, பார், சத்தம் மேலயும் கீழயுமா ரெண்டு தடவ அடிச்சுத் திரும்புது. சேறுன்னா அந்த ரெண்டாவது கோடு வராது. நான் இந்த ஒரு வெளையாட்ட வச்சுதான் பொழைக்கேன், மீனப் பாக்கிறதே இல்ல, ரெண்டாவது தரையத்தான் பாக்கேன்.

இப்பம்தான் எனக்கு மெயின் விஷயம், சென்சார். எல்லாவனும் ஸ்கிரீனப் பத்தித்தான் பேசுவான், சென்சார எங்க மாட்டுறதுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். பெட்டியில வர்றது பின்பலகையில ஸ்குரு போட்டு மாட்டுற மாதிரி இருக்கும், துறைமுகத்துல கட்டிப் போடுற போட்டுக்கு அது சரி. நாம மணல்ல ஏத்துறோம் லேய்! அலை தூக்கி அடிச்சு வள்ளம் கரையில இடிக்கிற அந்த மொத இடியிலயே பின்னால தொங்குற சென்சார் தவிடுபொடி. அதனால ரெண்டு வழி. ஒண்ணு, உள்ள அடிப்பலகையில எப்பாக்ஸி போட்டு ஒட்டுறது, ஃபைபர் வழியாவே சத்தம் போகும். ஆனா அந்த எடத்துல ஃபைபர் மட்டும்தான் இருக்கணும், நடுவுல ஃபோமோ பிளைவுட்டோ இருந்தா போகாது, எப்பாக்ஸிக்குள்ள ஒரு குமிழி நின்னாலும் போச்சு. ஒட்டுறதுக்கு முன்ன வள்ளத்த தண்ணியில விட்டு, உள்ள அடியில கொஞ்சம் தண்ணி ஊத்தி சென்சார அதுல வச்சுப் பாரு, ஆழம் வந்தா ஒட்டு. கொஞ்சம் பலம் கொறையும், தண்ணிச் சூடு தப்பாக் காட்டும், அது பரவால்ல.

ரெண்டாவதுதான் நான் செஞ்சிருக்கது. ஒரு ஜிஐ பைப்பு, கீழ சென்சார், வள்ளத்துக்கு சைடுல ஒரு கிளாம்ப், கரை வரும்போ பைப்ப மேல மடக்கிருவேன். வெல்டிங்காரன் முதல்ல பிவிசியே போதும்னான், ஓட்டத்துல அது ஆடுது, ஆடுனா படமும் ஆடும். எஞ்சின் காத்தாடிக்கு ஒண்ணேகால் அடியாவது தள்ளி இருக்கணும், இல்லன்னா அது கெளப்புற குமிழிதான் ஸ்கிரீன் முழுக்க வரும். பீப்பா இத மொத தடவ பாத்துட்டு, "கொள்ளாம், வள்ளத்துக்கு சலைன் ஏத்திருக்க"ன்னான். அடுத்த மாசமே வந்து அதே அளவ எழுதிட்டுப் போனான்.

கரண்டுக்கு பெருசா ஒண்ணும் வேண்டாம். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற எஞ்சின்ல பெரும்பாலும் சார்ஜ் வராது, அதனால யுபிஎஸ்ல போடுற 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி ஒண்ண மூடி வச்ச பிளாஸ்டிக் டப்பாவுல வை. நாலு இஞ்ச் மெஷின் கால் ஆம்பியர்தான் குடிக்கும், ஒரு ராத்திரி தாராளமாத் தாங்கும். நீ காட்டுன ஒம்பது இஞ்ச்சுக்கு கார் பேட்டரி சொமக்கணும், அலையில எறக்கும்போ அதத் தூக்க நான் வரமாட்டேன். ஃப்யூஸ் போடு. ஒயர் முனையில கிரீஸ் தடவு.

அப்பா கதைய சொல்லாம விட முடியாது. மெஷின் வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னவருதான, இப்பம் எவனையும் தொட விடமாட்டாரு, கரை வந்ததும் கழட்டித் துண்டுல பொதிஞ்சு வீட்டுக்குக் கொண்டு போயி அம்மைக்க சாமி அலமாரியில வச்சிருவாரு. கோயில் கோபுரமும் மலை முனையும் ஒண்ணு சேர வச்சு கணியம் பாத்துப் போவாருல்ல, அந்த எடம் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மார்க் போட வச்சுட்டாரு. ஜிபிஎஸ் எண்ணுல நிமிஷத்துக்கு அடுத்த புள்ளிக்குப் பெறவு வர மூணாவது எண்ணு வடக்கு தெக்குல கிட்டத்தட்ட ஒரு பாகம்னு நான் சொல்லிக் குடுத்ததுல இருந்து ஒரே கொண்டாட்டம், ஜிபிஎஸ்ஸே அஞ்சாறு மீட்டர் அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளும்னு சொன்னா காதுல வாங்கவே மாட்டாரு. அதுல பாரு, எவனாவது மெஷினத் திருடுனா பார் எல்லாம் போயிருமேன்னு எல்லா மார்க்குக்கும் செத்துப்போன பெரியம்மைமாரு பேரா வச்சிருக்காரு. எந்தப் பெரியம்மையில கலவா கெடக்கு, எதுல வலை கிழியும்னு அவருக்குத்தான் தெரியும். இந்த மாடல்ல கார்டு போடுற எடம் கெடையாது, அதனால நான் ராத்திரி உக்காந்து எல்லா எண்ணையும் நோட்டுல எழுதி வச்சுட்டேன், எந்தப் பெரியம்மை எந்தப் பாருன்னு மட்டும் இன்னும் முழுசா வாயத் தொறக்கல. நெஞ்சு வலின்னு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாருல்ல, அப்பமும் கேட்டுப் பாத்தேன். "வீட்டுக்கு வரட்டும்"னாரு. வந்தாச்சு. சொல்லல.

இனி நான் சொல்றத வெளையாட்டா எடுக்காத. மெஷின் வாங்கிட்டு தெக்க வெட்ஜ் பேங்க் வர, கன்னியாகுமரிக்குத் தெக்க நடுக்கடல்ல கெடக்க அந்த மீன் மேடு வர போகணும்னு சொன்ன பாரு, அந்த மெசேஜக் கேட்ட அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. 9.9 ஒண்ண நம்பி, திறந்த வள்ளத்துல, ரெண்டு பேரு. அங்க ஆழம் காட்டுற மெஷின் உனக்கு என்ன செய்யும்? 2017 நவம்பர் 30 காலையில நாம கரையில நின்னது உனக்கு மறந்துருக்காது, யாரு வரணும் யாரு வந்தாச்சுன்னு பேரு பேரா எண்ணிகிட்டு. உள்ள நின்னவங்களுக்கு ஓக்கி புயல் வருதுன்னு ஒரு சேதி சொல்ல வழி இல்லாமத்தான போச்சு. உனக்க அண்ணன்கிட்ட நல்ல ஜிபிஎஸ் இருந்துச்சு மக்கா. எங்க நிக்கோம்னு அவனுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியல.

ஒம்பது இஞ்சுக்கும் நாலு இஞ்சுக்கும் நடுவுல மிஞ்சுற காசுல கையில வைக்கிற வி.எச்.எஃப் வயர்லெஸ் ஒண்ணு வாங்கு, அங்க வேண்டாம், இங்க வந்து வாங்கு. 5 வாட், தண்ணியில மெதக்கறது, ஆபத்துக்குக் கூப்பிடுற சேனல் 16 எப்பமும் ஆன்ல. வள்ளத்துக்கு வள்ளம் கொஞ்ச மைல்தான் கேக்கும், அதுக்குத்தான் நாம ரெண்டு வள்ளமும் ஒண்ணா நிப்போம்னு சொல்றேன். ரெண்டு லைஃப் ஜாக்கெட், மீதிக் காச மாமிட்ட குடு. மொத வருசம் கரைப் பாரப் பாரு, செயற்கைப் பார் போட்டிருக்கானுவல்ல, அதையும் பாரு, மெஷின்ல பொட்டி பொட்டியாத் தெரியும், அதுலயே நவரையும் பாரையும் கெடக்கு. வெட்ஜ் பேங்கப் பத்தி அதுக்கு அடுத்த வருசம் சண்டை போடுவோம்.

மெஷின அங்க எடுத்தா இங்க வாரண்டி உண்டான்னு கடைக்காரன்ட்ட எழுதி வாங்கு, வாயால சொல்றத நம்பாத. ஸ்பேர் சென்சார் ஒண்ணு சேத்து எடு, இங்க அது தனியாக் கெடைக்கப் படாதபாடு படணும். வள்ளக்காரன்ட்ட சொல்லி பின்பலகை ஒயரமும் சைடுப் பலகை கனமும் அளந்து அனுப்பச் சொல்லு, ரெண்டு அளவும் கெடைச்சா கிறிஸ்மஸ்க்கு முன்ன வெல்டிங்காரன்ட்ட கிளாம்ப் செஞ்சு வச்சுருவேன், அவன் டிசம்பர் பொறந்தா குடிலுக்கு ஸ்டார் செய்யப் போயிருவான், பெறவு கையில கெடைக்க மாட்டான்.

பதில் போடு, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுது.