விலைக்கு வரம்பு வைத்தீர்கள், நாளுக்கும் வையுங்கள்

ஃபார்முலா 1 விதிகளை எழுதும் எஃப்ஐஏ அமைப்புக்கும், பவர் யூனிட் (எஞ்சினும் அதன் மின் பாகங்களும் சேர்ந்த தொகுப்பு) தயாரித்து மற்ற அணிகளுக்குக் கொடுக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம். சொந்தமாக எஞ்சின் செய்ய வசதியில்லாத சிறிய அணிகளின் பக்கம் நின்று இந்த மடலை எழுதுகிறேன்.

2026 முதல் 2030 வரைக்கான எஞ்சின் விதிகள் முடிவாகிவிட்டன. அதற்கு அடுத்து எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின் வரலாம் என்று எஃப்ஐஏ தலைவர் முகமது பின் சுலாயெம் பேசத் தொடங்கிவிட்டார். எத்தனை சிலிண்டர், என்ன சத்தம், எவ்வளவு மின்சக்தி என்றெல்லாம் விவாதம் நடக்கிறது. அந்த எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கி ஓட்டப்போகும் அணிக்கு அது எப்போது, என்னென்ன விவரங்களோடு கைக்கு வரும் என்று மட்டும் யாரும் கேட்கக் காணோம். சிறிய அணி தலையெடுப்பதும் மூட்டை கட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2014-ல் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட் (மின் மோட்டாரும் சேர்ந்த எஞ்சின்) வந்தபோது எஞ்சின் செலவு எகிறியது. அந்த அக்டோபரிலேயே கேட்டர்ஹாம், மருஸ்ஸியா இரண்டும் திவால் நடவடிக்கைக்குள் போயின. எஞ்சின் மட்டுமே காரணம் இல்லை என்றாலும் பெரிய சுமைகளில் அதுவும் ஒன்று. பிறகு வாங்கும் அணிகளுக்கான விலையை 2017-ல் ஆண்டுக்கு 10 லட்சம் யூரோவும், 2018-ல் மேலும் 30 லட்சம் யூரோவும் குறைக்க வைத்தீர்கள். எஞ்சின் கிடைக்காத அணி இருந்தால், மிகக் குறைந்த அணிகளுக்குக் கொடுக்கும் தயாரிப்பாளர் அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி செய்தீர்கள். ஒரே தயாரிப்பாளரின் எல்லா யூனிட்டும் ஒரே பாகங்களோடும் ஒரே மென்பொருளோடும் ஓட வேண்டும் என்று 2018-ல் உத்தரவிட்டீர்கள். இவை நல்ல விதிகள். போராடிப் பெற்றவை.

இவற்றின் பலனைப் பார்க்க சாபர் அணியைப் பார்த்தால் போதும். 2017-ல் அவர்கள் ஓட்டியது ஃபெராரியின் முந்தைய ஆண்டு எஞ்சின். மற்றவர்கள் வாரத்துக்கு வாரம் மெருகேற்ற, இவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஆண்டு முழுக்க 5 புள்ளிகள், கடைசி இடம். 2018-ல் ஃபெராரியின் நடப்பு எஞ்சின் கிடைத்தது. 48 புள்ளிகள், எட்டாம் இடம். சார்ல் லெக்லேர் என்ற இளைஞர் வந்ததும் இதில் பெரிய பங்கு, மறுக்கவில்லை. ஆனால் பழைய எஞ்சினோடு அவரை உட்கார வைத்திருந்தால் அந்தத் திறமை நம் கண்ணில் படவே இன்னும் காலம் பிடித்திருக்கும்.

ஆக, பழைய சரக்கைத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு முடிவு கட்டிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது காலம்.

ஒரு பவர் யூனிட் காருக்குள் எப்படி உட்காருகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபார்முலா 1 காரில் எஞ்சினைத் தாங்க தனிச் சட்டம் கிடையாது. எஞ்சினே சட்டம். முன்பக்கம் சேஸிஸின் (ஓட்டுநர் உட்காரும் கூட்டின்) முதுகோடும் பின்பக்கம் கியர்பாக்ஸோடும் போல்ட் போட்டு முடுக்கப்படுகிறது. பேட்டரி பெட்டி எரிபொருள் தொட்டிக்கு அடியில் போகிறது. அந்தப் பெட்டி சற்று உயர்ந்தால் தொட்டியின் வடிவம் மாறும், தொட்டி மாறினால் சேஸிஸின் நீளம் மாறும், ஓட்டுநரின் இருக்கை வரை அந்த மாற்றம் போய் முட்டும். தண்ணீர், ஆயில், டர்போ காற்று, மின் பாகங்கள் என ஒவ்வொன்றும் எவ்வளவு வெப்பத்தைக் கக்குகிறது என்று தெரிந்தால்தான் ரேடியேட்டரின் அளவைப் போட முடியும். அது தெரிந்த பிறகுதான் பக்கவாட்டு உடலை வரைய முடியும். காற்றியக்கம் முழுக்க அந்த உடலைச் சுற்றியே அமைகிறது.

தயாரிப்பாளரின் சொந்த அணியில் சேஸிஸ்காரரும் எஞ்சின்காரரும் ஒரே மேசையில் சண்டை போட்டு இந்த அளவுகளை முடிவு செய்கிறார்கள். வாங்கும் அணிக்கு அந்தச் சண்டையின் முடிவு மட்டும் வந்து சேர்கிறது. பிறகு ஏதாவது மாறினால் அந்த மாற்றம் இன்னும் தாமதமாக வருகிறது. பணக்கார அணி இரவு பகலாக ஆளைப் போட்டு மறுபடி வரைந்துகொள்ளும். சிறிய அணிக்கு, காரின் பாகங்களை வார்க்கும் அச்சு ஒருமுறைதான். இரண்டாம் முறை கார்பன் அச்சு செய்யப் போனால் அந்த ஆண்டின் மேம்பாட்டுப் பணமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

"பிரான் அணி கடைசி நேரத்தில் எஞ்சினை மாற்றி 2009-ல் பட்டமே வாங்கவில்லையா?" என்று கேட்பீர்கள். வாங்கியது. அதுவரை அந்த அணியை நடத்திய ஹோண்டா 2008 டிசம்பரில் விலகியதும் மெர்சிடிஸ் எஞ்சினுக்காக சேஸிஸின் பின்பகுதியையே வெட்டி மாற்றினார்கள். ஆனால் அந்தக் காருக்குப் பின்னால் ஹோண்டாவின் பணத்தில் நடந்த நீண்ட மேம்பாடு இருந்தது. அந்த வசதி இல்லாத அணிக்கு பிரானை உதாரணம் காட்டுவது நியாயமில்லை. மருஸ்ஸியாவின் மிச்சத்தில் எழுந்த மேனர் 2015-ல் மெல்பர்னுக்குக் கார்களைக் கொண்டுவந்தும் ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை. ஏலத்துக்குத் தயாராகக் கணினிகளை அழித்திருந்ததால் காரை இயக்கும் மென்பொருளும் தரவுகளும் கையில் இல்லை. எஞ்சின் இருந்தது, அதை எழுப்பும் அறிவு இல்லை.

2026-ன் விதிகள் இந்த இடைவெளியைப் பெரிதாக்குகின்றன என்பதே என் கவலை. 2025 வரை மின் மோட்டார் கொடுத்தது 120 கிலோவாட். 2026 முதல் 350 கிலோவாட். வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்த எம்ஜியூ-எச் போய்விட்டது. எந்த வளைவில் சேமிப்பது, எந்த நேர்ப்பாதையில் செலவழிப்பது என்ற கணக்கு பந்தயத்தின் பாதியைத் தீர்மானிக்கும். ஒரே மென்பொருள் எல்லாருக்கும் உண்டுதான். ஆனால் அந்த மென்பொருளை ஏன் அப்படி எழுதினார்கள், எந்தச் சிமுலேஷன் (கணினியில் ஓட்டிப் பார்க்கும்) மாதிரியிலிருந்து அந்த எண்கள் வந்தன என்பது தெரிந்தவருக்கும், பந்தயத்துக்கு முன் கோப்பாகப் பெறுபவருக்கும் எப்படிச் சமமாகும்?

ஹைபிரிட் பாகத்தைப் பொதுவாக்கலாம் என்று ஒரு வழி சொல்வார்கள். நானும் அதில் பாதிக்கு உடன்படுகிறேன். பல மணி நேரம் ஓடும் சகிப்புப் பந்தயங்களின் எல்எம்டிஎச் என்ற வகைக் கார்களில் எல்லாருக்கும் பாஷ் மோட்டார், ஒரே வகை பேட்டரி, எக்ஸ்ட்ராக் கியர்பாக்ஸ். தனியார் அணியும் முழுக் காரை வாங்கி ஓட்ட முடிகிறது. 2024-ல் ஸ்பா 6 மணி நேரப் பந்தயத்தை ஜோட்டா அணி தான் வாங்கிய போர்ஷே 963-ல் வென்றதே! இன்னொரு பக்கம் டபிள்யூஆர்சி என்ற உலக ராலி சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். 2022-ல் 100 கிலோவாட் பொது ஹைபிரிட்டைக் கொண்டுவந்தார்கள். முத்திரையிட்ட பெட்டி, அணி அதைத் திறக்கக் கூடாது. பாதுகாப்பு விளக்கு பச்சை காட்டாவிட்டால் கார் வெளியேற வேண்டும். 2025-க்கு அதையே எடுத்துவிட்டார்கள். திறக்க முடியாத, பழுது பார்க்க முடியாத பெட்டியைப் பொதுவாகக் கொடுப்பதால் சிறிய அணி சுதந்திரம் பெறுவதில்லை, அது யாரை அண்டியிருக்கிறது என்பதுதான் மாறுகிறது. பொது பேட்டரி வேண்டும். அதைத் திறந்து பழுது பார்க்கும் பயிற்சியும் உதிரி பாகமும் சேர்ந்தே வர வேண்டும்.

எஞ்சினுக்கு மூன்றாவது வழி ஒன்று ஒருகாலத்தில் இருந்தது. 1967-ல் நெதர்லாந்தின் ஜான்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க் முதல் ஓட்டத்திலேயே வென்ற காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின், அடுத்த ஆண்டே மற்ற அணிகளுக்கும் கிடைத்தது. விலை 7,500 பவுண்ட். டிரெல்லும் வில்லியம்ஸும் அந்த எஞ்சினை வைத்துத்தான் உலகப் பட்டம் வரை போனார்கள். கார் தயாரிப்பில் சொந்த அக்கறை இல்லாத ஒரு பட்டறை விற்றதால், யார் வென்றாலும் அதற்கு லாபம். 2015-ல் அதுபோல எளிமையான தனி எஞ்சினை எஃப்ஐஏ முன்வைத்தபோது ஃபார்முலா 1 ஆணையம் தள்ளிவிட்டது. அந்த முடிவை இன்றும் நான் ஏற்கவில்லை.

ஏனென்றால் தயாரிப்பாளர்கள் வருவார்கள், போவார்கள். ரெனோ 2025-ஓடு எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது, அதன் சொந்த ஆல்பின் அணியே மெர்சிடிஸிடம் வாங்கும் அணியாகிவிட்டது. புதிதாக வர நினைத்த ஆண்ட்ரெட்டி அணியை 2024 ஜனவரியில் ஃபார்முலா 1 நிர்வாகம் மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு இன்னும் வலிக்கிறது. கட்டாயத்தின் பேரில் எஞ்சின் பெறும் அணி பந்தயத்தின் கௌரவத்தைக் குறைக்குமாம். வாங்கிய எஞ்சினில் ஓடிய மெக்லாரன் அதே 2024-ல் எஞ்சின் கொடுத்த மெர்சிடிஸைத் தாண்டிப் போய் அணிப் பட்டத்தை வென்றது. வாங்கி ஓட்டுவதில் கௌரவக் குறைவு எங்கே வந்தது?

நான் கேட்பது இதுதான். பவர் யூனிட்டின் வெளி அளவுகள், போல்ட் இடங்கள், வெப்ப அளவுகள், சிமுலேஷன் மாதிரி ஆகியவற்றை, தயாரிப்பாளரின் சொந்த அணிக்குப் போகும் அதே நாளில் எல்லா வாங்கும் அணிகளுக்கும் அனுப்பக் கட்டாயப்படுத்துங்கள். அனுப்பிய தேதியை எஃப்ஐஏ பதிவேட்டில் வையுங்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அளவு மாறினால், வாங்கும் அணி மறுபடி அச்சு செய்யும் செலவைத் தயாரிப்பாளர் ஏற்கட்டும், அந்தத் தொகை அணிகளுக்கு விதித்த ஆண்டுச் செலவு வரம்புக்கு வெளியே இருக்கட்டும். ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு இருக்கட்டும். விலக நினைக்கும் தயாரிப்பாளர் இரண்டு முழு ஆண்டுகளுக்கு முன் எழுத்தில் சொல்லட்டும்.

தயாரிப்பாளர்களே, இதில் உங்கள் ரகசியம் எதையும் கேட்கவில்லை. எரி அறையின் வடிவத்தையோ டர்போவின் உள்ளமைப்பையோ யாரும் காட்டச் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் பொருளின் அளவை, உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லும் நாளிலேயே வாங்குபவருக்கும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த எஞ்சினின் வரைவு விதிகள் இன்னும் உறுதியாகவில்லை. வழங்கல் பற்றிய பகுதியை எழுதும் கூட்டத்தில், இன்று எஞ்சின் வாங்கி ஓட்டும் அணிகளின் பொறியாளர்களையும் உட்கார வையுங்கள். எந்தத் தேதி தங்களுக்குப் போதும், எது போதாது என்று அவர்களே சொல்வார்கள்.

இப்படிக்கு,
கிரிட்டின் கடைசி வரிசையைக் கவனித்துப் பார்க்கும் ஒரு ரசிகர்