யார்டு கணக்கு மட்டும் பாத்து ரிசீவரை எடை போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க விளையாட்டுப் பக்கத்துல என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக்) டீம்களோட வைட் ரிசீவர்களை, அதாவது எறியற பந்தை ஓடிப் போய்ப் பிடிக்கிற ஆளுங்களை, வரிசைப்படுத்திப் போட்டிருந்தீங்க, தமிழ் பேப்பர்ல அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு இவ்வளவு இடம் குடுத்தது ரொம்ப சந்தோஷம். ஆனா 2024 சீசன்ல யார் பந்தைப் பிடிச்சு எத்தனை யார்டு முன்னேறினாங்கன்ற ஒரே கணக்கை வச்சு சின்சினாட்டி பெங்கால்ஸை முதல்லயும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை அவ்வளவு கீழயும் போட்டதை என்னால ஏத்துக்க முடியல. நான் ஓஹாயோவுல இருக்கிற பெங்கால்ஸ் ரசிகன், எங்க டீம் முதல்ல வந்ததுல எனக்கு சண்டை இல்ல, ஈகிள்ஸுக்கு நடந்ததுதான் அநியாயம்.

எங்க ரிசீவர் ஜமார் சேஸ் அந்த சீசன்ல 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன் (பந்தோட எதிராளி எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கிற ஸ்கோர்), மூணுலயும் லீக்லயே முதல் ஆளு. அதுல பேச்சே இல்ல. ஆனா எங்க குவார்ட்டர்பேக் (பந்தை எறியற ஆளு) ஜோ பர்ரோ 17 ஆட்டத்துல 652 தடவை பந்து எறிஞ்சிருக்கார், ஈகிள்ஸோட குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 15 ஆட்டத்துல வெறும் 361 தடவைதான், ஏன்னா அங்க சாக்வான் பார்க்லி பந்தை எடுத்துட்டு ஓடியே 2,005 யார்டு சேத்துட்டார், அப்புறம் எதுக்கு எறியணும்? அவ்வளவு கம்மியா பந்து வந்தும் ஈகிள்ஸ் ரிசீவர் ஏ.ஜே. பிரவுன் 13 ஆட்டத்துல 1,079 யார்டு எடுத்தார், ஆட்டத்துக்கு 83. சேஸுக்கு ஆட்டத்துக்கு 100. எறிஞ்ச கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அந்த வித்தியாசம் எவ்வளவு சின்னதுன்னு புரியும். அதுக்கு முந்தின வருஷம், பார்க்லி வர்றதுக்கு முன்னாடி, இதே பிரவுன் 1,456 யார்டு, அங்க இருக்கிற இன்னொரு ரிசீவர் டெவான்டா ஸ்மித் 1,066. ஒரே வருஷத்துல ரெண்டு பேருக்கும் திறமையா குறைஞ்சு போச்சு? பார்க்லி ஓடும்போது எதிராளியை மறிச்சு வழி விட்டதும் இவங்கதான், அந்த உழைப்பு எந்த யார்டு கணக்குலயும் வராது. சீசனோட இறுதி ஆட்டமான சூப்பர் பவுல்ல கேன்சஸ் சிட்டியை 40-22ன்னு அடிச்சப்போ ரெண்டு பேரும் ஆளுக்கொரு டச்டவுன் போட்டாங்க, ஸ்மித் பிடிச்சது 46 யார்டு பந்து.

இன்னொண்ணு, பெங்கால்ஸ் பத்தி எழுதும்போது "இவ்வளவு நல்ல ரிசீவர் இருந்தும் பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) போகலையே"ன்னு முடிச்சிருந்தீங்க, அது எனக்கு ரொம்ப வலிச்சது. அந்த சீசன்ல நாங்க 33 புள்ளியோ அதுக்கு மேலயோ எடுத்தும் நாலு ஆட்டம் தோத்தோம் சார். பால்டிமோர்ல சேஸ் தனியாளா 264 யார்டு, 3 டச்டவுன், ஆனா ஸ்கோர் 35-34, தோல்வி. அன்னைக்கு எங்க ரெண்டாவது ரிசீவர் டீ ஹிக்கின்ஸ் அடிபட்டு வெளிய இருந்தார். தோத்ததுக்குக் காரணம் டிஃபென்ஸ், ரிசீவர்கள் என்ன பண்ணுவாங்க? ஹிக்கின்ஸ் 12 ஆட்டம்தான் ஆடினார், அதுலயே 10 டச்டவுன், டென்வரோட எக்ஸ்ட்ரா டைம்ல ஜெயிக்க வச்ச கேட்ச்சும் அவரோடதுதான்.

என்னைக் கேட்டா ஒரு குரூப்போட பலம் ரெண்டாவது ஆளுகிட்டதான் தெரியும். மினசோட்டா வைக்கிங்ஸ்ல ஜஸ்டின் ஜெஃபர்சன் மேல எப்பவும் ரெண்டு பேர் கண்ணு, அந்த இடைவெளியில ஜோர்டன் ஆடிசன் 875 யார்டு, 9 டச்டவுன் எடுத்தார். பஃபலோ பில்ஸ்ல 1,000 யார்டு தொட்ட ஆளே கிடையாது, கலீல் ஷக்கீர் 821தான் அதிகம், குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பந்தைப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தே 13 ஆட்டம் ஜெயிச்சார், சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதும் வாங்கினார். அது குவார்ட்டர்பேக் பெருமை, ரிசீவர் குரூப்பா பாத்தா அவங்களை பெங்கால்ஸ், ஈகிள்ஸ், வைக்கிங்ஸ் மூணு டீமுக்கும் கீழதான் வைப்பேன்.

அடுத்த தடவை பட்டியல் போடும்போது ஆட்டத்துக்கு எத்தனை யார்டு, டீம் மொத்தம் எத்தனை தடவை எறிஞ்சது, இந்த ரெண்டு கணக்கையாவது கூடவே போடுங்க சார். ஈகிள்ஸை ரெண்டாவது இடத்துக்குக் கீழ வைக்க உங்களுக்கே மனசு வராது.

இப்படிக்கு,
ஓஹாயோ வாசகர்