மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே

அன்புள்ள சேகர்,

மூட்டு வீக்கம் வற்றிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. அடுத்த வரியிலேயே ஸ்டீராய்டு மாத்திரையை நாளையோடு விட்டுவிடப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் தூக்கிவாரிப் போட்டது. விடாதே. மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். காரணம் சொல்லாமல் சொன்னால் நீ கேட்கமாட்டாய், தெரியும்.

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி நாலைந்து கிராம்தான். அது கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் செய்து சேர்த்து வைப்பதில்லை, கேட்டால்தான் செய்யும். கேட்பது மூளைக்கடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. 39 அமினோ அமிலங்கள் கோத்த ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். பிட்யூட்டரியையும் உசுப்பிவிட அதற்கு மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி இருக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கார்ட்டிசாலுக்கு மூலப்பொருள், நாம் ஓயாமல் திட்டுகிற கொலஸ்ட்ரால். செல்லுக்குள் அது தாராளமாகக் கிடக்கும். ஆனால் அதை வெட்டிக் கார்ட்டிசாலாக்கும் வேலையைத் தொடங்குகிற நொதி இருப்பது, செல்லுக்குள் இரண்டு சவ்வு போர்த்திய மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் உள்சவ்வில். வெளிச்சவ்வுக்கும் உள்சவ்வுக்கும் நடுவே நீர். கொழுப்பு தானாக அதைத் தாண்டாது. ஏ.சி.டி.எச். செல்லின்மேல் வந்து ஒட்டியதும் உள்ளே சேதி கடத்துகிற சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு கூடும், ஸ்டார் என்ற புரதம் வேலையில் இறங்கிக் கொலஸ்ட்ராலை அக்கரை சேர்க்கும். சில நிமிஷத்தில் ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறிவிடும். பிறவியிலேயே அந்தப் புரதம் பழுதானவர்களுக்குச் சுரப்பி முழுக்கக் கொழுப்பு தேங்கி வீங்கிப்போகும்.

கார்ட்டிசால் ஏறியதும் அதுவே மேலே போய் ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்கும். உன் மாத்திரையும் கார்ட்டிசால் போலத்தான். உள்ளே செய்ததா, வெளியே வாங்கியதா என்று மேலிடம் பார்ப்பதில்லை. ஏ.சி.டி.எச். குறைந்துவிடும். அட்ரீனலை வேலைக்கு ஏவுவது மட்டுமல்ல, அந்தத் திசுவைக் காப்பாற்றி வைத்திருப்பதும் ஏ.சி.டி.எச்.தான், அது வராமல் போனால் கார்ட்டிசால் செய்கிற அடுக்கு சுருங்கிவிடும். (உப்பைக் கவனிக்கிற வெளியடுக்கு தப்பித்துக்கொள்ளும். அது முக்கியமாக ஆஞ்சியோடென்சின் என்ற வேறொரு ஹார்மோனுக்கும் ரத்தத்திலுள்ள பொட்டாசியத்துக்கும்தான் காது கொடுக்கும்.)

இப்போது மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் செய்ய ஆளில்லை. வாந்தி, தள்ளாட்டம், ரத்த அழுத்தம் விழுவது, உயிருக்கே ஆபத்து. பிட்யூட்டரி விழித்த பிறகும் சுருங்கிய சுரப்பி தேற மாதக்கணக்காகலாம்.

இடையில் கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்ததை முதல் வேலையாகச் சொல்லிவிடு. எத்தனை மாதமாக எடுக்கிறாய், இப்போது என்ன டோஸ்? அதை எழுதவே இல்லையே.

அன்புடன்,
ரகு