நொச்சி இலை தந்தவர்களுக்கும் இரத்தம் தந்தவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

நொச்சி இலைச் சாறு வீக்கத்தைத் தணிக்குமா என்று பார்த்த என் முதுகலை ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. அதன் நன்றிப் பக்கத்தில் துறைக்கும் வழிகாட்டிக்கும்தான் இடம் இருந்தது. மற்றவர்களுக்கு இந்த மடல்.

முதலில் கோட்டூர்புரம், அடையாறு வீட்டுக்காரர்களுக்கு. கொசுவை விரட்ட மாநகராட்சி கொடுத்த நொச்சிக் கன்றை நட்டு, இன்றுவரை வெட்டாமல் காத்து வருகிறீர்கள். “எவ்வளவு வேணுமோ பறிச்சிக்கோம்மா” என்று கேட்டைத் திறந்துவிட்டீர்கள். நிழலில் உலர்த்தினால் ஒரு பை இலை கைப்பிடித் தூளாகிவிடும். அதனால்தான் மறுபடியும் மறுபடியும் வந்து நின்றேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பூவோடு கூடிய கிளையை வாங்கிப் பார்த்து, இது நொச்சிதான் என்று உறுதி செய்து தந்த தாவரவியல் பேராசிரியருக்கு நன்றி. செடியின் அடையாளம் தவறினால் பிறகு செய்யும் சோதனை எதற்கும் மதிப்பில்லை.

இனி, இரத்தம் தந்தவர்கள். எலியின் பாதத்தில் கராஜீனன் என்ற, வீக்கம் உண்டாக்கும் பொருளை ஊசியில் போட்டு வீக்கத்தை அளக்கும் முறை 1962 முதல் புழக்கத்தில் உள்ளது. அதற்கு விலங்கு நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். நான் எடுத்துக்கொண்டது மனிதச் சிவப்பணு முறை. வீக்கத்தின்போது உயிரணுவுக்குள் இருக்கும் லைசோசோம்கள் என்ற நுண்பைகள் உடைந்து நொதிகளைக் கொட்டுகின்றன. சிவப்பணுவின் உறை அந்த நுண்பைகளின் உறையை ஒத்தது. அதனால் சிவப்பணுவைக் காக்கும் சாறு அவற்றையும் காக்கக்கூடும் என்று கொள்கிறோம். அணுக்களோடு சாற்றைச் சேர்த்து 56 டிகிரியில் சூடாக்குவோம். உடைந்த அணுக்கள் எவ்வளவு கூடுதலோ, நீர் அவ்வளவு சிவக்கும். சாறு அணுக்களைக் காத்தால் சிவப்பு குறையும்.

இரத்தம் தருபவர் இரண்டு வாரமாக வலி மாத்திரை எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. மாதவிடாய் வலியிலும் மாத்திரையைத் தொடாமல் வெந்நீர்ப் பையோடு படுத்திருந்தாள் என் விடுதித் தோழி ஒருத்தி. போட்டுக்கொள், வேறொருவரைக் கேட்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை, சொன்ன நாளில் வந்து கையை நீட்டினாள். அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

எத்தனால் சாறு மட்டும் எடுக்கவிருந்தேன். “நாங்க வேது பிடிக்கிறோம், தைலம் காய்ச்சுறோம், தண்ணியில எடுத்தும் பாருங்களேன்” என்றார் தாம்பரத்துச் சித்த மருத்துவர் ஒருவர். நீர்ச்சாறும் ஆய்வில் சேர்ந்தது அவரால்தான்.

இரண்டு சாறுமே அணுக்கள் உடைவதைக் குறைத்தன. ஒப்பிட வைத்திருந்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தின் அளவுக்கு அவை எட்டவில்லை. இது சோதனைக் குழாயில் கண்டது மட்டுமே. மூட்டுவலி மாத்திரையை நிறுத்திவிட்டு நொச்சிக் கஷாயம் குடிக்கலாமா என்று கேட்ட அடையாறு மாமாவுக்கு: தயவுசெய்து வேண்டாம், மாமா. உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

மாலை தாண்டியும், இரத்தத்தைச் சுழற்றி அணுக்களைப் பிரிக்கும் மையவிலக்கியை நிறுத்தாமல் எனக்காகக் காத்திருந்த ஆய்வகத்து அண்ணனுக்கும் என் நன்றி.

ஆய்வேட்டின் ஒரு படி துறை நூலகத்தில் இருக்கிறது. முடிவுகளை எளிய தமிழில் எழுதி, இலை தந்த வீடு ஒவ்வொன்றுக்கும் அடுத்த வாரம் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
தாவரவியல் முதுகலை மாணவி, சென்னை