தீபாவளிப் படமும் பேர் கணக்கும்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

தீபாவளிக்கு மறுநாள் இரவு, உங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில், காம்பரா அறைக்குள் இடம் போதாமல் இஸ்தோப்புத் திண்ணை வரை ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, நீ பென் டிரைவில் கொண்டு வந்த புதுப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு தலை எழுந்து கதாநாயகனின் முகத்தை மறைத்தபடி குறுக்கே நடந்து போனதும் எல்லாரும் சிரித்தார்கள். எங்கோ ஒரு தியேட்டரில் யாரோ ஒளித்துப் பதிவு செய்த பிரதி அது. “இது திருட்டுப் படமாயிற்றே” என்று நான் விளையாட்டாகச் சொன்னதற்கு, “மாமா, அம்மாவோட ஒரு நாள் பேரை, அந்த முழுநாள் கூலியை அப்படியே குடுத்தாலும் நாங்க நாலு பேரும் ஹட்டனுக்குப் போய் படம் பார்த்துட்டு வர முடியுமா?” என்று நீ திருப்பிக் கேட்டாய். பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில், உன் கணக்கு சரிதான். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 ஆம் ஆண்டில் 1,000 ரூபா ஆகி, 2024 ஆம் ஆண்டில் 1,350 ரூபா என்று அரசின் வர்த்தமானியில் வந்து, அதற்குப் பிறகும் கொஞ்சம் ஏறிய நாட்சம்பளத்தில், சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழிந்து, கொழுந்து குறைந்த நாளில் அரைநாள் கூலியான அரைப்பேரும் விழுந்து, மிஞ்சுவதில் நாலு பேருக்குப் பஸ் காசும் டிக்கெட்டும் எடுக்க முடியாது. இணையத்தில் மாதச் சந்தா கட்டிப் பார்க்கலாமே என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்வார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியபோது, டொலரில் விலை போட்ட ஒவ்வொரு சந்தாவும் என்னவாகியிருக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். காசு இருந்தாலும், என் அக்காவான உன் அம்மாவிடம் வெளிநாட்டுக்குப் பணம் கட்டக்கூடிய அட்டை கிடையாது. அட்டை இருந்தாலும், இந்தியாவுக்கு மட்டும் உரிமை விற்கப்பட்ட படம் இங்கே திறக்காது. ஆகவே, காசில்லாதவன் கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. வாங்கவே முடியாத டிக்கெட்டை வாங்காமல் விட்டது யாருக்கும் நட்டம் ஆகாது என்பதும், ஒவ்வொரு பதிவிறக்கத்தையும் ஒரு டிக்கெட்டாக எண்ணித் திரையுலகத்தார் சொல்லும் நட்டக் கணக்கு ஊதிப் பெருத்தது என்பதும் என் எண்ணம்.

ஆனாலும் உன் கணக்கு உங்கள் லயத்து வாசலோடு நின்றுவிடுகிறது. சென்னையில் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களில் ஏறத்தாழ 25,000 பேர் இருக்கிறார்கள். விளக்குத் தூக்குபவர், தளம் போடுபவர், சமைப்பவர் என்று அவர்களில் பெரும்பாலானோர் நாட்கூலிக்கும் பேட்டாவுக்கும் வேலை செய்கிறவர்கள். கோடிகளில் சம்பளம் வாங்கும் நடிகருக்கு உன் பென் டிரைவால் ஒன்றும் ஆகாது. விளக்குத் தூக்குபவருக்கும் அந்தப் படத்துக்கான கூலி முன்பே கிடைத்திருக்கும்; அடுத்த படம் தொடங்காமல் போனால்தான் அவருக்கு அடி. அந்த அடியை இன்னார்தான் கொடுத்தார் என்று யாரையும் காட்ட முடியாது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோவைக் கழித்துவிட்டு, “இரண்டு கிலோதானே” என்று சொன்னவர்களைப் பற்றி அக்கா எத்தனை இரவு பேசியிருப்பாள் என்பது உனக்கே தெரியும். அந்தக் கணக்கில் நாம் எப்போதும் கொழுந்து கொடுக்கும் பக்கத்திலேயே நின்றிருக்கிறோம் என்பதால், தராசு பிடிப்பவன் பேசுவதைப்போல நாம் பேசும்போது அது நம் காதுக்கே கேட்பதில்லை.

இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 2004, 2005 ஆம் ஆண்டுகளில் நான் ஹட்டனில் ஒரு சீடி கடையில் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன வேலை செய்தேன் என்பதை வீட்டில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. முன்பக்கம் வாடகைக்கு விடுவது, பின்பக்கம் பிரதி எடுப்பது. ஒரு வீசீடியில் எழுபது எண்பது நிமிடந்தான் பிடிக்கும் என்பதால் ஒரு படத்துக்கு இரண்டு, சில படங்களுக்கு மூன்று தட்டுகள். எழுதி முடிந்து வெளியே வரும் தட்டு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். அதில் நீல மார்க்கரால் படத்தின் பெயரையும் ஒன்று, இரண்டு என்று இலக்கத்தையும் எழுதுவது என் பொறுப்பு. என் கையெழுத்து அழகு என்று முதலாளி சொல்வார்.

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து என்னைவிட இரண்டு மூன்று வயது இளைய ஒருவன் ஒருநாள் ஐம்பது சீடிகளைக் கொண்டு வந்து வைத்தான். நண்பர்களைச் சேர்த்து, தாயின் சீட்டுக் காசைப் போட்டு, தோட்டத்தைப் பற்றி அவனே எடுத்த ஒரு மணி நேரப் படம். விற்றால் காசு, விற்காவிட்டால் சீடி என்பது பேச்சு. அவன் போன பிறகு முதலாளி அதில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அவனுக்குக் கொடுக்க வேண்டிய பங்கைவிட வெற்றுத் தட்டின் விலை குறைவு. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நான் பிரதி எடுத்தேன். பெயரையும் நானே எழுதினேன். கொட்டகலையிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் ஆட்கள் கேட்டு வந்து வாங்கினார்கள். எழுபதுக்கு மேல் போயிருக்கும். நம் லயங்களைக் காட்டிய படம் என்பதால் கிழவிகள்கூட உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார்கள்.

அவன் இரண்டு மாதங்களில் மூன்று முறை பஸ் ஏறி வந்தான். கடைசி முறை வந்தபோது கட்டிலிருந்த சீடிகளைத் தானே எண்ணினான். நாற்பத்தேழு இருந்தன. இரப்பர் பட்டியை அவிழ்த்த மாதிரியே திரும்பவும் போட்டுவிட்டு, “பரவாயில்லை அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு இந்தியப் படந்தான் பிடிக்கும்போல” என்று என்னிடம் சொன்னான். மேசைக்குக் கீழே, என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த பெட்டியில், என் கையெழுத்தோடு அவன் படம் இருபது கிடந்தது.

மூன்று பேர்தான் தன் படத்தை வாங்கினார்கள் என்று நம்பிக்கொண்டே அவன் போனான். காசைவிட எனக்கு அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. முழு நாளும் மலையில் நின்றவளுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேரே விழாமல் போனால் எப்படியோ, அப்படி. அதற்குப் பிறகு அவன் எதுவும் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி போதும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ இரண்டுமோ கிடைக்கலாம். லயத்தில் படம் பார்த்தவரைத் தேடிப் பொலிஸ் வந்ததை நான் கண்டதில்லை, அந்தப் பயத்தைக் காட்டி உன்னைத் திருத்தவும் எனக்கு விருப்பமில்லை.

நீ படம் பார்ப்பதைவிட, பக்கத்து லயத்துப் பையன்களின் போனில் படம் ஏற்றிக் கொடுத்து ஐம்பது ரூபா வாங்குகிறாய் என்று அக்கா சொன்னதுதான் என்னைக் கலங்க வைத்தது. அந்த ஐம்பது ரூபாவில் நீ பழைய சீடி கடையை மறுபடி திறக்கிறாய். டொரண்டில் இறக்கும்போதும் அப்படித்தான்: கோப்பு துண்டு துண்டாக உனக்கு வந்துகொண்டிருக்கும்போதே, வந்த துண்டுகளை உன் இயந்திரம் முகம் தெரியாத மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், ஆகவே நீ பார்ப்பவன் மட்டும் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இலவசம் என்று காட்டும் அந்தத் தளங்களில் படத்துக்கு முன்னால் துள்ளிக்கொண்டு வரும் சூதாட்ட விளம்பரங்களுக்கு யாரோ காசு கட்டுகிறார்கள், யாரோ வாங்குகிறார்கள். வாங்குகிறவர் படம் எடுத்தவர் இல்லை.

காத்திருக்கலாம் என்ற ஒரு வழியும் இருக்கிறது. டிஷ் இருக்கும் வீட்டில் இந்தத் தீபாவளிப் படம் அடுத்த பொங்கலுக்கோ புத்தாண்டுக்கோ வந்துவிடும். உரிமை உள்ளவர்களே யூடியூபில் முழுதாகப் போட்டிருக்கும் பழைய படங்களைப் பார்த்து முடிக்க ஓர் ஆயுள் போதாது.

எல்லாப் பிரதியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1975 ஆம் ஆண்டில் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ நம் மலையகத்தைத் திரைக்குக் கொண்டு வந்த படம். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இந்த நாட்டின் எத்தனையோ படச்சுருள்கள் சாம்பலாயின. அப்படி எரிந்துபோன ஒரு படத்தை யாராவது என்றோ நாடாவில் பதிந்து வைத்திருந்து, அது கைக்குக் கை மாறி உன்னிடம் வந்தால், எனக்கும் ஒரு பிரதி எடுத்து வை. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கடைசியாக ஒன்று. போன மாதம் பொகவந்தலாவைப் பையன்கள் யூடியூபில் போட்ட குறும்படத்தை நீ இறக்கி வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தாய். டேட்டா மிச்சம் என்று ஒருமுறை இறக்கி எல்லாருக்கும் அனுப்பினாய் என்பது புரிகிறது. உங்கள் லயத்தில் மட்டும் முப்பது பேராவது பார்த்திருப்பார்கள். நேற்று நான் யூடியூபில் தேடி எடுத்துப் பார்த்தேன். பார்த்தவர்கள் தொகை இருநூறைக்கூடத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை உன் நம்பருக்கும் அக்காவின் நம்பருக்கும் ரீலோட் போடுகிறேன். அந்த லிங்கை அக்காவுக்கு அனுப்பு. அவள் தன் போனிலேயே திறந்து ஒருமுறை பார்க்கட்டும்.

அன்புடன்,
மாமா