போனில் சொல்லாததை எழுதியிருந்தாய்

கோவில்பட்டி
தை மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் போனை எடுத்தேன். ‘இதைப் பற்றிப் போனில் கேட்காதே’ என்று கடைசி வரியில் எழுதியிருந்தாயே, அதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

வாரந்தவறாமல் பேசுகிறோம். ஒருநாளாவது வாய்திறந்தாயா? மருமகள் தங்கம், பேரன் சுட்டி, பெங்களூரில் குளிர் அதிகம், இவ்வளவுதான். உன்னைக் குறை சொல்லவும் முடியாது. நீ பேசும்போது கூடத்தில் மகன் இருப்பான். இங்கே இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘நான் விசாரித்ததாகச் சொல்’ என்று ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார். இந்தச் சந்தடியில், ‘இந்த வீட்டில் நான் விருந்தாளியா, ஆயாவா என்று தெரியவில்லை’ என்று எப்படிச் சொல்வாய்? அதற்குத் தாள்தான் வேண்டும். தாள் குறுக்கே பேசாது. நீ தனியாக இருந்து எழுதினாய். நானும் இவர் கடைக்குப் போன பிறகுதான் படித்தேன்.

அந்தக் காலத்துக் கடிதமெல்லாம் ரகசியம் காத்தது என்று நினைத்துவிடாதே. எங்கள் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து கார்டை வாசிப்பார். மகள் வீட்டு வருத்தம் தெருவுக்கே கேட்கும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் விசேஷம். கருப்பு மை தடவியிருந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மனதில் உள்ளதை எழுத இன்லண்ட் லெட்டர்தான் வசதி. வந்த தபாலையெல்லாம் அப்பா கம்பியில் குத்தி மாட்டுவார். பெரியம்மா எழுதிய இன்லண்டுகளை மட்டும் அம்மா கம்பிக்குக் கொடுத்ததே இல்லை. டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து ஊர் இடைசெவலையே எடுத்துக்கொள். அந்த ஊர் எழுத்தாளர் கு. அழகிரிசாமி பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன பிறகு, இன்னோர் எழுத்தாளரான சிநேகிதர் கி. ராஜநாராயணனுக்கு, அதாவது கி.ரா.வுக்கு, எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. அழகிரிசாமி 1970-இலேயே போய்விட்டார். கி.ரா. 2021 வரை இருந்தார். சிநேகிதன் கைப்பட எழுதியதை அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் நாம் இன்றைக்குப் படிக்கிறோம். நம் வாட்ஸ்அப் பேச்சு, போனை மாற்றினாலே போய்விடுகிறது. பெரும்பாலும் காலை வணக்கப் படங்கள் என்பதால் நஷ்டமில்லை, போகட்டும்.

டென்மார்க் செய்தியைப் படித்தாயா? 1624-இல் தொடங்கிய தபால் சேவை அது. 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு, கடிதம் பட்டுவாடா செய்வதை அரசுத் தபால் நிறுவனம் நிறுத்திவிட்டது. இனிக் கடிதம் எழுதுகிறவர்கள் தனியார் நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். கழற்றிய சிவப்புப் பெட்டிகளை விற்பனைக்கு வைத்ததும் போட்டி போட்டு வாங்கினார்களாம். அதில் பாதிப் பேராவது வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் பெட்டியைக் கழற்ற வேண்டியிருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டிலும் 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். நல்லவேளை, நமக்கு வேண்டிய சாதாரணத் தபால் இருக்கிறது.

இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை. உளுந்து சுமார்தான். இவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. பொங்கலன்று கடலை மிட்டாயை ஒளித்து வைத்தும் கண்டுபிடித்துவிட்டார்.

‘நான் என்ன செய்யட்டும்?’ என்று நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். மகனிடம் கோபமாகப் பேசாதே, பேசாமலும் இருக்காதே. பேரனுக்குக் கோடை விடுமுறை விட்டதும் ‘ஒரு மாதம் ஊருக்குப் போகிறேன்’ என்று சொல். அனுமதி கேட்காதே, தகவலாகச் சொல். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. இங்கே வந்து நிதானமாக யோசிக்கலாம்.

ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, என் முகவரி எழுதிய கவர்கள் சிலவற்றை இதனுள் மடித்து வைத்திருக்கிறேன். மகனிடம் கொடுத்துப் போடச் சொல்லாதே. பேரனை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் தபால் பெட்டி இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, நீயே போட்டுவிடு. ஐந்து ரூபாய்க்கு இருபது கிராம்வரைதான் போகும். அதற்கு மேல் எழுத வேண்டியிருந்தால் எழுது. இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி